கெடு முடிந்த பொட்டலங்கள்

ஓடை ஓடும் காடு ஒன்றில், ஒரு மருத மரப் பொந்தில் மின்னி என்ற அணில் வாழ்ந்து வந்தது. மின்னியைப் போல ஜாக்கிரதையான அணிலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், குழந்தைகளே.

கோடையில் கிடைத்ததையெல்லாம் காயவைத்து, தேக்கிலையில் பொதிந்து, கொடியால் கட்டி வைக்கும். கட்டும்போதே கெடுவும் வைத்துவிடும். "கொன்றைப் பூ உதிரும் வரை தின்னலாம். அதன் பிறகு தொடக்கூடாது!"

ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்த கடலையைத் தின்று அதன் குட்டி ஒன்று துடிதுடித்துப் போனது. பிழைத்ததே பெரிது. குட்டிகள் வளர்ந்து வேறு மரங்களுக்குப் போன பிறகும் அந்தப் பயம் மின்னியை விடவில்லை.

இந்த ஆண்டு கொன்றைப் பூக்கள் உதிர்ந்து முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஓடை பெருகி, மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றது. இரை தேட வழியில்லை.

மரத்தடி மேட்டில், வேர்களுக்கு நடுவே, பஞ்சு என்ற முயல் அப்போதுதான் குட்டிகள் ஈன்றிருந்தது.

"மின்னி அக்கா, பசியில் எனக்குப் பால் வற்றிவிட்டது. குட்டிகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கின்றன. தின்ன ஏதாவது இருக்கிறதா?"

மின்னி பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது. "இருக்கிறது, பஞ்சு. ஆனால் கெடு முடிந்துவிட்டது. உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குட்டிகளை யார் பார்ப்பார்கள்? நானே தொடாமல் பட்டினி கிடக்கிறேன். எல்லாவற்றையும் ஓடையில் போடப் போகிறேன்."

சொன்னபடியே பொட்டலங்களைக் கீழே இறக்கியது.

அந்த நேரம் தண்ணீரில் நீந்தி வந்தது தடியன் என்ற காட்டுப்பன்றி. "எறியாதே! கெடுவாவது ஒன்றாவது! வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான்" என்றது.

"ஐயோ, பார்த்துத் தின்னுங்கள், அண்ணே!"

தடியன் பார்க்கவில்லை. ஒரு பொட்டலத்தை இலையோடு சேர்த்து விழுங்கியது. சற்று நேரத்தில், "அம்மா! வயிறு!" என்று மேட்டில் புரண்டு கத்தத் தொடங்கியது.

"பார்த்தாயா, பஞ்சு? நான் பயந்தது சரிதானே?" என்று மின்னி அடுத்த பொட்டலத்தை ஓடைப் பக்கம் உருட்டியது.

பஞ்சு தன் மெலிந்த காலால் அதைத் தடுத்தது. "அக்கா, அவர் தின்றது ஒரு பொட்டலம். இது வேறு. இதை நாம் திறந்தே பார்க்கவில்லையே."

மின்னி பொட்டலத்தைத் திரும்ப இழுத்தது. இருவரும் சேர்ந்து கொடியை அவிழ்த்தார்கள். உள்ளே இலுப்பைப் பூ. ஈரமில்லை, பூசணமில்லை. மொறுமொறுவென்று காய்ந்து, கட்டிய அன்று போலவே இனிப்பாய் மணத்தது.

"நான் முதலில் தின்கிறேன்" என்றது மின்னி.

"வேண்டாம், அக்கா. உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

"எனக்குப் பால் குடிக்கும் குட்டி இல்லையே."

ஒரே ஒரு பூவைத் தின்றுவிட்டு மின்னி காத்திருந்தது. பஞ்சு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பொழுது சாய்ந்தது. மின்னிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"சாப்பிடு, பஞ்சு. நிதானமாகச் சாப்பிடு."

இன்னொரு பொட்டலத்தில் இலந்தைப் பழம் இருந்தது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முகர்ந்ததும் பஞ்சுவின் மூக்கு சுளித்தது. "ஏதோ புளித்த வாடை, அக்கா. நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை."

"அப்படியானால் வேண்டாம்" என்று மின்னி அதைத் தண்ணீரில் விட்டது.

மறுநாள் தடியன் வயிற்றுவலி தணிந்து நீந்திப் போய்விட்டது. பஞ்சுவுக்குப் பால் ஊறியது. குட்டிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, சப்புக் கொட்டிக் குடித்தன. மின்னி வேரின் மேல் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பஞ்சு ஒரு கை இலுப்பைப் பூவை அதன் முன்னே தள்ளியது. "இத்தனை நாள் பட்டினி கிடந்தாயே, அக்கா. நீயும் சாப்பிடு."

மழை விடவில்லை. இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நீதி: கெடு முடிந்ததென்று ஆராயாமல் எறியாதே, பசிக்கிறதென்று ஆராயாமல் உண்ணாதே.