வாய் வைத்துக் குடித்த எந்திரம்

நயினார் வாத்தியாருக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருக்குக் கணினிச் சிந்தனை கற்றுத்தர வந்த ரெஜினாவுக்கு இருபத்தெட்டு. வயதைப் பார்த்தால் பாடம் ஏறுமா? வியாழக்கிழமை தோறும் ரெஜினா பள்ளிக்கு வந்தால், வாத்தியார் நோட்டும் கையுமாக மாணவனாகி உட்கார்ந்துவிடுவார்.

அன்றைக்கு மட்டும் ரெஜினா வந்ததும் வராததுமாக வாத்தியார் பொரிந்து தள்ளினார்.

"மாவட்டக் கணினி முகாமுக்குப் போற பட்டியல்ல வெண்மதி பேரை அடிச்சிடப் போறேன் மேடம். மத்தியானம் பட்டியல் போயாகணும்."

"என்ன செஞ்சா?"

"நேத்து வகுப்புல, நீங்க சொல்லிக்குடுத்த எந்திர விளையாட்டுதான். பிள்ளைங்க எந்திரம், நான் கட்டளை போடணும். தம்ளரை எடு, பானையில தண்ணி மொண்டு குடின்னேன். நாப்பது பிள்ளைங்க ஒழுங்கா அண்ணாந்து குடிச்சுதுங்க. இவ மட்டும் பொதுத் தம்ளர்ல வாய் வச்சுட்டா! வகுப்பே 'ஐயே, எச்சில்'னு கத்துது. ஏம்மா இப்படின்னு கேட்டா, 'நான் எந்திரம் சார்'ங்கிறா. என்ன கொழுப்பு!"

பட்டியலிலிருந்து பேர் போகப்போகிறது என்று தெரிந்து வெண்மதி வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். வாத்தியார் அவளைப் பார்க்கத்தான் செய்தார். ஆனாலும் இறங்கி வர மனம் இல்லை.

ரெஜினா எழுந்து பானையருகே போனார்.

"இப்ப நான் எந்திரம். கட்டளை போடுங்க சார்."

இந்தத் தடவை எதையும் சொல்லாமல் விட்டுவிடக் கூடாதென்று வாத்தியார் நிதானமாக ஆரம்பித்தார்.

"தம்ளரை எடுங்க. தண்ணி மொள்ளுங்க. அண்ணாந்துக்கிட்டு, தம்ளர் உதட்டுல படாம வாய்க்கு நேரா ஊத்துங்க."

ரெஜினா அண்ணாந்தார். வாயை இறுக மூடிக்கொண்டு அப்படியே ஊற்றினார். முகம், கழுத்து, சேலை எல்லாம் நனைந்துபோயின.

"ஐயையோ! வாயைத் திறக்க வேண்டாமா மேடம்?"

"நீங்க சொல்லலையே சார்."

"நல்லா இருக்கே! இதையெல்லாமா சொல்லுவாங்க?"

ரெஜினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த நாப்பது பேருக்கு அண்ணாந்து குடிங்கன்னு சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? அதுதான் அவங்களுக்கே தெரியுமே."

"வெண்மதிக்குத் தெரியாதோ?"

"ஏன் தெரியாது? தினமும் அண்ணாந்துதான் குடிப்பா. தெரிஞ்சுக்கிட்டேதான் நேத்து..."

வாத்தியார் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப, உங்க வகுப்புல அந்த விளையாட்டை விளையாடினது அவ ஒருத்திதான் சார்" என்றார் ரெஜினா.