குழாயடிக்கு அப்பால் ஒரு கயிறு

பார்வையற்றவர்களுக்கான மென்பொருள் செய்யும் ஜெபக்கனியிடம் பாடம் கேட்டவர்களில் திரவியம்தான் மூத்தவர். ஓய்வுபெற்ற தபால்காரர். குருவுக்கோ முப்பது வயதுதான். பிறவியிலேயே பார்வை இல்லை. திரவியம் அவளை "டீச்சர்" என்பார். அவள் "அண்ணாச்சி" என்பாள்.

அன்றைக்கு அவர் செருப்புச் சத்தமே சரியில்லை.

"என்ன அண்ணாச்சி, கோவமா?"

"வருத்தம் டீச்சர்."

வருத்தம் நியாயமானதுதான். அவர் மனைவி புஷ்பத்துக்குப் பார்வை போய்விட்டது. யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருந்த ஒரு வாசிப்பு மென்பொருளை எடுத்து, திரையிலிருந்து விரலைத் தூக்கினால் வாசிப்பு நிற்கிற மாதிரியும், வைத்தால் விட்ட சொல்லிலிருந்து தொடர்கிற மாதிரியும் அவளுக்காக மாற்றினார். அவள் மறுபடி செய்தித்தாள் கேட்ட அன்று மனுஷர் அழுதே விட்டார். அதைப் பார்வையற்றோர் சங்கத்தில் எல்லோருக்கும் கொடுக்கப்போன நேரத்தில், அந்த விரல் வித்தைக்கு ஏதோ ஒரு கம்பெனி காப்புரிமை வைத்திருக்கிறது, கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்யக்கூடாது என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

"பொதுவில கொடுத்ததைத்தானே எடுத்தேன்?"

"ஆமா."

"சேத்தது என் சொந்த மூளை. எவன் செஞ்சதையும் நான் பாக்கல. பிறகு எப்படி அது அவனுக்குச் சொந்தமாகும்?"

ஜெபக்கனி ஒரு கயிற்றுச் சுருளை எடுத்துக் கொடுத்தாள். அவள் பாடம் நடத்தும் இடத்தின் வாசலிலிருந்து குழாயடி வரை கயிறு கட்டியிருக்கும். பலபேர் சேர்ந்து கட்டியது. பார்வையற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள்.

"இதைக் குழாயடியில இருந்து டீக்கடைப் பக்கம் நீட்டுங்க. அந்த விரல் வித்தையை எதையும் பாக்காமதானே செஞ்சீங்க? இதையும் கண்ணைக் கட்டிட்டே செய்யுங்க."

துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவித் தடவிப் போனார். மரம் அகப்பட்டால் ஒரு சுற்று, தூண் அகப்பட்டால் ஒரு முடிச்சு. தபால்கட்டு கட்டிப் பழகிய கை. ஒவ்வொரு முடிச்சும் உடும்புப் பிடி.

"முடிஞ்சுது, வாங்க டீச்சர்!" என்றார் பெருமையாக.

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். அதுவரை தூங்கிக் கிடந்த ஒரு நாய் திடீரென்று பாய்ந்து குரைத்தது. திரவியம் துண்டைப் பிடுங்கி எறிந்தார். பக்கத்து வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். சங்கிலி இழுபட, நாய் டீச்சரின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளித் துள்ளிக்கொண்டிருந்தது. அவள் கயிற்றை விடாமல் அசையாமல் நின்றாள்.

அவர் ஓடிப்போய் அவளைப் பின்னால் இழுத்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது டீச்சர்! வேலின்னு ஒண்ணுமே கையில தட்டுப்படல."

"அது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நாய்க்குத் தெரியுமா?"

அவர் கடைசி முடிச்சில் கை வைத்தார்.

"அப்ப அவுத்துப் போட்டுரவா?" என்றார். "புஷ்பத்துக்காகச் செஞ்சது."

அவள் கடைசி முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

"முடிச்சு நல்லா விழுந்திருக்கு. பிரியமாக் கட்டின முடிச்சு. இந்த வீட்டுக்காரங்ககிட்டயும் கேட்டுப் பாப்போம், அந்தக் கம்பெனிகிட்டயும் கேட்டுப் பாப்போம். ஒத்துக்கலன்னா, சுத்திப் போறதுக்கு ஒரு வழி தேடுவோம்."

பிறகு அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கட்டுனா, நான் யோசிக்காமப் பிடிச்சிட்டு வருவேன் அண்ணாச்சி. அதனால நீங்க பாத்துக் கட்டணும்."