தலைவர் தலைக்குப் பின்னால் சாட்டிலைட்

டிஷ் மாட்டுவதில் நான் புலி. என் வீட்டு டிவியில் மட்டும் படம் வராது.

ஒரு சாட்டிலைட் வானத்தில் இடம் மாறிய அன்று, எங்கள் பேரூராட்சித் தலைவர் தவசிமுத்து என்னைக் கூப்பிட்டார். மாலை டிவியில் அவர் பேட்டி. அவர் வீட்டுப் பெட்டியிலோ படமே இல்லை.

"சாட்டிலைட் கிழக்கே தள்ளிப் போயிருச்சுங்கய்யா."

"யாரைக் கேட்டுப் போச்சு? பழைய இடத்துக்கே வரச் சொல்லு. இல்லேன்னா இந்த ஊர்ல நீ பிழைக்க முடியாது!"

மாடியில் டிஷ்ஷைத் திருப்பித் திருப்பித் தேடினேன். முதலில் அரபிச் செய்தி சிக்கியது, அப்புறம் சீனச் சமையல். ஒருவழியாக அது நிற்கும் திசை தெரிந்தது. குறுக்கே, மாடியை ஒட்டி, தலைவரின் பெரிய கட்டவுட்.

கைகட்டிச் சொன்னேன்: "அய்யா, அது உங்க தலைக்குப் பின்னாடிதான் நிக்குது. அதுக்குக் குனியத் தெரியாது. நீங்கதான் கொஞ்சம் தலைகுனியணும்."

கூடியிருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கட்டவுட்டைச் சாய்த்தார்கள். டிஷ்ஷை நாலடி நகர்த்தியிருந்தாலே போதும். அது பிறகுதான் எனக்கு உறைத்தது.

மாலையில் படம் பளிச்சென்று வந்தது. "நான் எவனுக்கும் தலைகுனிந்ததில்லை!" என்று பேட்டியில் தலைவர் முழங்கினார். முதலில் கைதட்டியவன் நான்தான்.