தினமும் வந்த சண்முகக்கனி

ஒரு கரிசல்காட்டு ஊரின் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேடு ஒன்று இருந்தது. தான் பொய்யே சொல்லாது என்று அதற்குப் பெரிய தலைக்கனம். பிள்ளை வந்தால் ஒரு சாய்கோடு, வராவிட்டால் ஒரு சுழி, அதற்கு மேல் பேச்சே கிடையாது. கலெக்டரே வந்து கேட்டாலும் சுழி சுழிதான் என்று சாக்பீஸ் டப்பாவிடம் பீற்றிக்கொள்ளும். டப்பாவும் பாவம், வேறு போக்கிடம் இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் கொள்ளைநோய் வந்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். கணக்கு வாத்தியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பி வரவில்லை. தலைமையாசிரியை ஞானசுந்தரி மட்டும் தினமும் காலையில் வந்து அறையைத் திறந்து, முகக்கவசத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பார். ஒரு வாய் சாப்பிட்டீங்களா டீச்சர் என்று கேட்க நாதி இல்லை. அவரைத் தேடி வந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் சுற்றறிக்கை.

அது கைப்பேசியின் தோளில் ஏறி வந்து இறங்கியது. "இணையவழி வகுப்பில் வருகை புரிந்த மாணவர் எண்ணிக்கையை நாள்தோறும் காலை பத்து மணிக்குள் அனுப்பவும்" என்றது.

"பிள்ளைகளே இல்லாம நான் எப்படி வருகை போடுறது?" என்று கேட்டது பதிவேடு.

"அதுக்குத்தான் நான் இருக்கேன்ல," என்றது கைப்பேசி. "பாடத்தை வீட்டுக்கு வீடு அனுப்பிருவேன். தொறந்து பாத்தா ரெண்டு டிக்கும் நீலமாயிரும். நீலம்னா பிள்ளை வந்தாச்சு. நீ பாட்டுக்குக் கோடு போட்டுக்கோ."

"தொறந்தது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு நீலந்தான் தெரியும்."

பதிவேடு சுற்றறிக்கையின் பக்கம் திரும்பியது. "தொறந்தது அந்தப் பிள்ளைதானான்னு உங்களுக்காவது தெரிய வேண்டாமா?"

"எண்ணிக்கை மட்டும் போதுமானது. மணி ஒன்பது ஐம்பது ஆகிவிட்டது."

ஞானசுந்தரி கண்ணைக் கசக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார். முதல் நாள் கோடு விழுந்தபோது பதிவேட்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. பத்தாம் நாள் பழகிவிட்டது. எதுதான் பழகாது!

நீலமாகாத பிள்ளைகள் ஒன்பது பேர். அதில் பாதிப் பேர் வீட்டில் கைப்பேசியே இல்லை. அந்த ஒன்பது சுழியையும் பார்த்துக்கொண்டு டீச்சரால் சும்மா உட்கார முடியவில்லை. மத்தியானம் ஆனதும் பாடத்தைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவார். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளையைத் தாயோடு சண்டை போட்டுப் படிக்க உட்காரவைத்தார். ஆடு மேய்க்கப் போனவனை ஓடைக்கே போய்ப் பிடித்தார். ஒன்பதில் ஒன்றையும் அவர் விடவில்லை.

பதினேழாம் வரிசையில் இருந்தவள் சண்முகக்கனி. விடிந்ததும் முதலில் நீலமாவது அவள் வீட்டு எண்தான். ஒரு நாள்கூடச் சுழி கிடையாது. "இந்தப் பிள்ளையப் பத்தி மட்டும் எனக்குக் கவலையில்ல," என்று டீச்சர் வாய்விட்டே சொன்னார். அவள் தெருவைத் தாண்டித்தான் தினமும் போனார், வண்டியை நிறுத்தியதில்லை. பதிவேட்டுக்கும் அந்தப் பதினேழாம் வரிசை என்றால் தனிப் பெருமை.

ஒருவழியாகப் பள்ளிக்கூடம் திறந்தது. டீச்சர் பெயர் வாசித்தார். தேடிப் போய்ப் பிடித்த ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள். சண்முகக்கனியின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் பதிவேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

அவளுடைய அப்பா நயினார் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். டீச்சரைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"பிள்ளை மில்லுக்குப் போயி எட்டு மாசமாச்சு டீச்சர். லாரி ஓடல, அடுப்பு எரியல. ஏஜெண்டு வந்து வேன்ல ஏத்திக்கிட்டுப் போனான். அங்கனயே ஆஸ்டல்ல இருக்கா."

"அப்ப தினமும் பாடத்தைத் தொறந்து பாத்தது யாரு அண்ணாச்சி?"

"நான்தான். எனக்கு எழுத்து தெரியாது. தொறக்காம விட்டா பேரை வெட்டிருவாங்கன்னு சொன்னாங்க. என்னைக்காவது திரும்பி வந்து படிக்கணும்ல பிள்ளை. அதான் எந்திரிச்சதும் மொத வேலையா தொறந்துருவேன். ஒரு நாள் விட்டதில்ல டீச்சர்."

"ஒரு வாரம் விட்டிருந்தீங்கன்னா நான் வந்திருப்பேனே," என்றார் ஞானசுந்தரி. பைக்குள் இருந்த பதிவேட்டுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அன்றைக்கே அவர் பஸ் பிடித்து மில் வாசலுக்குப் போய்விட்டார். வாட்ச்மேன் மேஜைமேல் பதிவேட்டைத் திறந்து வைத்தார். "சண்முகக்கனி, எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பதிமூணு வயசு. கூட்டிட்டு வாங்க, நான் கையோட அழைச்சுக்கிட்டுப் போறேன்."

வாட்ச்மேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினேழாம் வரிசையில் விரலை ஓட்டினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஒரு நாள் விடாம உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான வந்திருக்கு டீச்சரம்மா. இது உங்க கையெழுத்துதான? அப்புறம் எட்டு மாசமா அந்தப் பிள்ளை இங்க எப்படி இருக்கும்?"

"அது தப்பாப் போட்ட வருகை."

"அதை நான் எப்படி நம்புறது?"

"நான் ஆபீசரைக் கூட்டிக்கிட்டு வருவேன்."

"வாங்க. அவரும் இந்த நோட்டைத்தான பாப்பாரு."

டீச்சர் மில் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இயந்திரங்களின் இரைச்சலில் ஆள் குரல் எதுவும் கேட்கவில்லை.

அதே மேஜையில், டீ கிளாஸுக்குப் பக்கத்தில், மில்லின் வருகைப் பதிவேடு கிடந்தது. அட்டையெல்லாம் பஞ்சுத் தூசு. அது மெல்லப் பேச்சுக் கொடுத்தது.

"சண்முகக்கனியா? எங்கிட்ட நாப்பத்திரெண்டாம் வரிசை. காலை ஷிப்டு."

"இருக்காளா?" என்று துடித்தது பள்ளிப் பதிவேடு. "நல்லாப் பாத்துச் சொல்லு. நீயும் என்னை மாதிரி பொய்யா எழுதி வச்சிருக்கப் போற."

"வயசு பதினெட்டுன்னு எழுதியிருக்காங்க, அது பொய்," என்றது மில் பதிவேடு. "வருகை நிஜம்."