பங்க்கில் மட்டும் நிற்கும் கார்

சுகந்திக்கு முப்பத்து நாலு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த ஆறுச்சாமிக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருஷம் டிராக்டர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர். பெட்ரோல் கார் பழக வேண்டும் என்று பெருந்துறை ரோட்டில் இருக்கும் அவள் பட்டறைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. அவளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். மனசுக்குள் குரு என்று வைத்திருந்தார், வெளியே சொல்ல வெட்கம்.

அன்று மத்தியானம் தவமணியின் கார் நான்காவது தடவையாகக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. பட்டறைக்குள் வந்து சாவியைத் திருப்பியதும், வாத்தியாரைக் கண்ட பையன் மாதிரி, எஞ்சின் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது. முந்தைய மூன்று தடவையும் இதே கதைதான்.

தவமணி சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறுச்சாமிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸுங்க. போன வாரம் இந்த வண்டியால ஒரு நாள் தப்பிப்போச்சு. மூச்சு வாங்கிட்டுப் படுக்கவே முடியலை. இன்னொருக்கா தப்புனா தாங்க மாட்டாருன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அந்நேரத்துக்கு எங்க ஊருக்கு வாடகை வண்டியும் வராதுங்க."

ஆறுச்சாமி பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

"அம்மிணி, பிளக் மாத்துனேன். பெட்ரோல் பம்பு மாத்துனேன். பேட்டரி மாத்துனேன். இன்னும் எதைத்தானுங்க மாத்தறது? எனக்கு இந்தத் தொழில் வராது. டிராக்டருக்கே போயர்றேன்."

காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த சுகந்திக்கு ஆறுதல் சொல்லத் தெம்பில்லை. தவமணி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, வண்டி எங்க நின்னுது?"

"பெட்ரோல் பங்க்லங்க."

"போன தடவை?"

"அதும் பங்க்லதான்."

"அதுக்கு முந்தி?"

தவமணி யோசித்தார். "எப்பவுமே பங்க்லதானுங்க நிக்குது. பெட்ரோல் போட்டுட்டு சாவியத் திருப்புனா பிடிக்காது. அரை மணி நேரம் கழிச்சாப் பிடிக்கும்."

ஆறுச்சாமி தலையைத் தூக்கினார். வண்டி எங்கே நின்றது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"அண்ணா, எஞ்சினை ஓட விடுங்க," என்றாள் சுகந்தி. கட்டைவிரல் அளவு இருந்த ஒரு வால்விலிருந்து மெல்லிய குழாயைக் கழற்றினாள். "இந்த வாய்ல விரலை வைங்க."

வைத்தார். "இழுக்குதுங்க அம்மிணி."

"இழுக்கலாமுங்களா?"

ஆறுச்சாமி பாடத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். பெட்ரோல் டேங்கின் ஆவி கரிப் பெட்டியில் தங்கும். வண்டி ஓடும்போது இந்த வால்வு திறந்து அதை எஞ்சினுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வண்டி நகராமல் நிற்கும்போது, எஞ்சின் ஓடினாலும் அணைந்திருந்தாலும், மூடியிருக்க வேண்டும்.

"கூடாதுங்க."

"விரலை எடுத்தறாதீங்க. சத்தத்தக் கேளுங்க."

நடுங்கிக்கொண்டிருந்த எஞ்சின் அவர் விரலடியில் மெல்ல மெல்ல அடங்கியது. டேங்க் நிரம்பும்போது மொத்த ஆவியும் தடுப்பார் இல்லாமல் எஞ்சினுக்குள் போய் அதை மூச்சுமுட்ட வைத்திருக்கிறது. இரண்டு மாதமாக இதைத் தவற விட்டதை நினைத்து அவருக்கு அவமானமாக இருந்தது.

சுகந்தி வால்வைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினாள். கரித்தூள் விழுந்தது.

"அக்கா, பங்க்ல எப்படிப் போடச் சொல்லுவீங்க?"

"ஃபுல்லுதான். பைப்பு தானா நின்னதுக்கப்புறம் வண்டிய ஆட்டி ஆட்டி இன்னும் ஊத்தச் சொல்லுவேன். வாய் வரைக்கும் தளும்பறது கண்ணுக்குத் தெரியோணும்."

"ஆவி மட்டும் போற கரிப் பெட்டிக்குள்ள பெட்ரோலே போயிருக்குது, கரி உதுந்து வந்து வால்வை மூட விடாமப் பண்ணிருச்சு," என்றார் ஆறுச்சாமி. கோபம் வந்துவிட்டது. "நீங்களே கெடுத்துட்டு எங்ககிட்ட வந்து நிக்கறீங்களா?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஆஸ்பத்திரி போற வழியில பெட்ரோல் தீந்துபோச்சுங்க. அவரு பின் சீட்டுல சாஞ்சுட்டாரு. நான் ரோட்டுல நின்னு கை காட்டுனேன். ஒரு வண்டிகூட நிக்கலை," என்றார் தவமணி.

தானாக நின்றதும் விட்டுவிட வேண்டும் என்று சுகந்தி பொறுமையாக விளக்கினாள். தவமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்.

ஆறுச்சாமி குரலைத் தாழ்த்தினார். "தலைய ஆட்டறாங்க. ஆனா அடுத்த தடவையும் ஆட்டி ஆட்டித்தான் ஊத்துவாங்க அம்மிணி."

"ஊத்துவாங்க."

"மறுக்காவும் கெட்டுப்போகும்."

"போகும்."

"அப்புறம் எதுக்குங்க நாம இத்தனை பாடு?"

சுகந்தி அலமாரியிலிருந்து புது வால்வையும் புதுக் கரிப் பெட்டியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அவங்க பயத்துக்கு ஸ்பேர் வர்றதில்லீங்ணா. வண்டிக்கு வருது. மாட்டி விடுங்க, விடியறதுக்கு முந்தி அவங்க கெளம்போணும்."