காடை வீட்டுக்குப் போகாத செய்தி

ஒரு காட்டில் மயில் ஒன்று கம்பெனி நடத்தி வந்தது. சிரிக்காதீர்கள் குழந்தைகளே, மென்பொருள் கம்பெனிதான்!

மலையில் மழை கொட்டினால் ஓடையில் வெள்ளம் வரும் அல்லவா? கரையோரம் குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே போனில் செய்தி அனுப்புவதுதான் அந்தக் கம்பெனியின் வேலை. தொடங்கும்போது ஒரு பொந்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நத்தை அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது.

கம்பெனி வளர்ந்தது. பாறை மேல் கண்ணாடிச் சுவர் வைத்து, மயில் புது ஆபீஸ் கட்டியது. செய்தி அனுப்பும் வேலையையும் கிளவுடுக்கு மாற்றியது. கிளவுட் என்றால் வானத்து மேகம் இல்லை. எங்கோ தூரத்தில் வரிசையாக நிற்கும் பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை காலை. தோகையைச் சீவிக்கொண்டே மயில் சொன்னது:

"நத்தை அண்ணே, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பழைய மெஷினை அணைச்சிடுங்க. பாஸ்வேர்டு உங்களுக்குத்தானே தெரியும்?"

"முதலாளி, நானூத்திப் பன்னிரண்டு வீட்டுல ஒரு வீடு இன்னும் மாறலை. ஓடைக்கரை காடையம்மா. அவங்க பழைய போன்ல நம்ம புது ஆப் ஏற மாட்டேங்குது. அடைகாக்குறாங்க, எழுந்து வரவும் முடியலை."

"ஒரு வீடுதானே! அதுக்காக நல்ல நேரத்தை விட முடியுமா? உங்க வேகத்துக்குப் போனா அடுத்த பொங்கலுக்குத்தான் ஆபீஸ் திறக்கணும்."

விழாவுக்கு வந்திருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நத்தைக்கு மனசு சுருக்கென்றது. ஆனாலும் "சரி, கிளம்புறேன்" என்றது.

"நான் தூக்கிட்டுப் போய் விடவா?" என்று கேட்டது கூட்டத்தில் இருந்த குரங்கு.

"வேண்டாம்ப்பா. நான் நடந்தே போறேன்" என்றது நத்தை.

உள்ளே பால் காய்ச்சினார்கள். பொங்கி வழிந்ததும் ஒரே ஆரவாரம். அந்த நேரம் பார்த்து மலை உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. சுவரில் இருந்த பெரிய திரையில், 'எல்லோருக்கும் செய்தி போய்விட்டது' என்று பச்சை எழுத்து வந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான் ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மயில் பெருமையோடு வெளியே எட்டிப் பார்த்தது. நத்தை மூன்றாவது படியில் இருந்தது.

"அண்ணே! இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டே மயில் இறங்கி வந்தது.

"காடையம்மாவுக்குச் செய்தி போச்சா, முதலாளி?"

"எல்லாருக்கும் போச்சுன்னு திரையிலயே வந்துச்சே."

"பட்டியல்ல இருக்கிறவங்களுக்குப் போயிருக்கும். அவங்க பேர் அதுல இல்லையே."

மயில் உள்ளே ஓடிப்போய்ப் பட்டியலைத் தேடியது. காடையின் பெயர் இல்லை. பதறிப்போய்த் திரும்பி வந்து, "அப்போ அவங்களுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டது.

"பழைய மெஷின் சொல்லியிருக்கும். நான்தான் இன்னும் அங்க போய்ச் சேரலையே!"

அப்போது நத்தையின் போன் கிணுகிணுத்தது. காடை பதில் அனுப்பியிருந்தது.

'செய்தி வந்தது, அண்ணா. ரொம்ப நன்றி. ஆறு முட்டை இருக்கிறது. என்னால் தூக்க முடியாது. விட்டுவிட்டு வர மனசும் வரவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன்.'

அதைப் படித்ததும் மயில், "ஐயோ, அந்தத் தாயை நான் மறந்துட்டேனே!" என்றது. விழா, விருந்தாளிகள், ராகு காலம் எதுவும் அதன் நினைவில் இல்லை.

"குரங்கண்ணே, வாங்க!" என்று கத்தியபடி ஓடையை நோக்கிப் பறந்தது. குரங்கு கிளைக்குக் கிளை தாவிப் பின்னால் வந்தது.

அவர்கள் போனபோது தண்ணீர் கூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. காடை கண்களை மூடிக்கொண்டு, இறக்கையை விரித்து முட்டைகள் மேல் படுத்திருந்தது.

"எழுந்திரும்மா, நாங்க வந்துட்டோம்" என்றது மயில்.

குரங்கு கூட்டை அப்படியே இரண்டு கையாலும் அள்ளி எடுத்தது. காடை அதன் தோளில் ஏறிக்கொண்டது. அவர்கள் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, கூடு இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது.

புது ஆபீஸில் காற்று அடிக்காத இடம் மயிலின் அறை மட்டும்தான். அதன் மெத்தை நாற்காலியில் கூட்டை வைத்தார்கள். அடுத்த ஒன்பது நாளும் மயில் நின்றுகொண்டே வேலை பார்த்தது. பழைய மெஷினும் பொந்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

பத்தாம் நாள் நத்தை மெல்ல வந்து கதவைத் தட்டியது. "முதலாளி, காடையம்மாவுக்கு வேற போன் கொடுத்துப் பட்டியல்ல சேர்த்தாச்சு. இப்போ பழைய மெஷினை அணைச்சிடலாமா?"

மயில் அவசரமாகக் கதவைத் திறந்து, "மெதுவா பேசுங்க அண்ணே" என்று கிசுகிசுத்தது. "உள்ளே ஆறு குஞ்சும் இப்பதான் தூங்குது."

நீதி: புது வீட்டுக்குப் போகும்போது, கடைசி ஆள் வந்து சேரும்வரை பழைய வீட்டு விளக்கை அணைக்காதே.