பச்சையம்மாளின் விடுப்பு மனு

அந்தப் பெண்கள் சிறையில் ஒரு குரு இருந்தாள். காவி கிடையாது, கமண்டலம் கிடையாது. பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு திரிவாள். பெயர் பூங்காவனம். வயது முப்பத்தெட்டு, ஆயுள் தண்டனை. உள்ளே வந்த பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படித்து, பத்தாவது வரை தேறினாள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பயிற்சி பெற்று, மற்றக் கைதிகளுக்கு மனு எழுதித் தந்துகொண்டிருந்தாள்.

சீடர் அவளைவிட இருபது வயது மூத்தவர். வசந்தகோகிலம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எப்படி உள்ளே வந்தார் என்று அவரும் சொன்னதில்லை, யாரும் தோண்டியதும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கடிதமும் கட்டுரையும் சொல்லிக்கொடுத்த கை சும்மா இருக்குமா? நூலகத்தை ஒட்டியிருந்த சட்ட உதவி அறைக்கு ஒருநாள் வந்து, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் மனு எழுதக் கத்துக்கொடு, பூங்காவனம்."

"உங்களுக்கா டீச்சர்? எழுதுங்க, பாக்கலாம்."

முதலில் வந்தவள் பச்சையம்மாள். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், விடுப்பு கேட்க வேண்டும் என்றாள். அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? வசந்தகோகிலம் ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளினார். பெற்ற வயிறு, மணமேடை, தாலி ஏறும் நேரத்தில் தாயைத் தேடும் மகளின் கண்கள் என்று எதையும் விடவில்லை. ஏற்ற இறக்கத்தோடு படித்தும் காட்டினார்.

"சரியா இருக்கா, பச்சையம்மா?"

"நீங்க படிச்சவங்க. சரியாத்தாம்மா இருக்கும்," என்று அவள் கைநாட்டு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மனு நாள். கைதிகள் வரிசையாக நிற்க, கண்காணிப்பாளர் அம்மா ஒவ்வொரு மனுவாகப் படித்து, நேரிலேயே விசாரிப்பார். பச்சையம்மாளின் முறை வந்தது.

"கல்யாணத்துக்குப் போகணுமா?"

பச்சையம்மாள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"உன்னத்தாம்மா கேக்கறேன். லீவு வேணுமா, வேணாமா?"

அவள் வேண்டும் என்று தலையாட்டினாள். பிறகு வேண்டாம் என்றும் ஆட்டினாள். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யோசிச்சுட்டு அடுத்த வாரம் வா," என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வசந்தகோகிலத்துக்கு முகம் சுண்டிப்போனது. விடுப்பு மனு போலீஸ் விசாரணைக்குப் போய்த் திரும்ப மூன்று வாரம் ஆகும். அடுத்த செவ்வாயும் தவறினால் பச்சையம்மாளுக்கு விடுப்பு இல்லை. அவர் நேராகப் பூங்காவனத்திடம் போனார்.

"என் மனுவில என்ன குறை? நீயே படிச்சுப் பாரு."

பூங்காவனம் படித்தாள். "குறையே இல்ல டீச்சர். எனக்கே அழுகை வருது."

"அப்புறம் ஏன் அவ ஊமை மாதிரி நின்னா?"

"சமையக்கட்டுல முருங்கைக்கீரை வந்து எறங்கியிருக்கு. உருவ ஆள் பத்தலையாம். வாங்க போலாம்."

"நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு சொல்றியே!"

"பச்சையம்மாவும் வருது, வாங்க. அங்க ஒரே ஒரு ஒத்தாசை பண்ணணும். நீங்க எதுவும் கேக்கக் கூடாது."

மூவரும் கீரைக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். முருங்கைக்கீரை உருவியவர்களுக்குத் தெரியும், அது லேசில் முடிகிற காரியமில்லை. முதல் கட்டு பேச்சில்லாமல் முடிந்தது. இரண்டாவதில் பச்சையம்மாள் மழையைப் பற்றிச் சொன்னாள், தன் மூட்டுவலியைப் பற்றிச் சொன்னாள். வசந்தகோகிலத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. கேள்வி கேட்டு, பதிலையும் தானே எடுத்துக்கொடுத்துப் பழகிய வாய் அது. இரண்டு தரம் வாயைத் திறந்தார். இரண்டு தரமும் பூங்காவனம் ஒரு கொத்துக் கீரையை அவர் மடியில் போட்டாள்.

மூன்றாவது கட்டில் பாதி ஆகியிருக்கும்.

"மாப்பிள்ளை தங்கமான புள்ள," என்றாள் பச்சையம்மாள். "நான் இங்க இருக்கறது அதுக்குத் தெரியும். அவங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியாது. நான் துபாய்ல வீட்டு வேலை பாக்கறேன்னு சொல்லி வெச்சிருக்காங்க."

யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நான் பாட்டுக்குப் பந்தல்ல ரெண்டு போலீஸ்காரிங்களோட போய் நின்னா, எம் பொண்ணு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கும்? கல்யாணத்தன்னிக்கி நான் வேணாம். அதுக்கு அடுத்த வாரம் ரெண்டு பேரும் எங்கம்மா வூட்டுக்கு மறுவீடு வருவாங்க. ஊர் சனம் யாரும் இருக்காது. அப்ப போய், எங்கையால ஒரு வேளை சோறு போட்டா போதும்."

வசந்தகோகிலத்தின் கை நின்றுவிட்டது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது; வெட்கமாகவும் இருந்தது.

"இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே, பச்சையம்மா?"

"நீங்க எழுத ஆரம்பிச்சுட்டீங்களேம்மா," என்றாள் அவள், குற்றம் சொல்கிற குரலே இல்லாமல்.

அடுத்த செவ்வாய்க்கு வசந்தகோகிலமே மனு எழுதினார். நாலே வரி. பச்சையம்மாள் சொன்ன வரிசையில், அவள் சொன்னபடி. கண்காணிப்பாளர் அம்மா ஒன்று கேட்பதற்குள் பச்சையம்மாள் மறுவீட்டைப் பற்றி ஒன்பது சொன்னாள். கறிக்குழம்பா, மீன் குழம்பா என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. "போதும்மா, போதும்!" என்று சிரித்துக்கொண்டே அவர் போலீஸ் விசாரணைக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. பச்சையம்மாள் மூன்று நாள் போய்விட்டுத் திரும்பினாள். திரும்பிய மறுநாள் சமையற்கட்டில் அவளுடைய மீன் குழம்புப் புராணத்தைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. வசந்தகோகிலத்துக்கு மனம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் முழுத் தேர்ச்சி காட்டிய வருடங்களில்கூட இப்படி நிறைந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் கலைந்து போன பிறகு அவர் மெல்லக் கேட்டார்.

"பூங்காவனம், இப்படி வாயை மூடிக்கிட்டு உட்காரணும்னு உனக்கு யார் கத்துக்கொடுத்தா?"

பூங்காவனம் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

"கேஸ்ல மாட்டினப்போ எனக்காக ஒருத்தர் எழுதினாரு டீச்சர். நான் சொன்னதுன்னு மூணு பக்கம் வாக்குமூலம். ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தா இருந்துச்சு. நானும் பெருவிரலை வெச்சேன். அப்புறம் படிக்கக் கத்துக்கிட்டதும், மொத வேலையா அதோட நகலத்தான் வாங்கிப் படிச்சேன்."

"என்ன இருந்தது அதுல?"

"எல்லாம் இருந்துச்சு டீச்சர். நான் மட்டும் இல்ல."